சம்பத் கடைச் சட்டம்

சித்தூர் பஜார் தெருவில் பாத்திரக் கடைகள் முடிந்து சைக்கிள் டயர் கடைகள் ஆரம்பிக்கிற இடத்தில் சம்பத்தின் துப்பாக்கிக் கடை இருந்தது. துப்பாக்கிக் கடை என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்புக் கம்பி அடித்த ஒரு கவுண்டர், அதற்குப் பின்னால் பூட்டுப் போட்ட பீரோக்கள், எண்ணெய் வாடை, சுவரில் ஏழுமலையான் படம், வாசலில் ஒரு நீள பெஞ்ச், அவ்வளவுதான். வருஷத்தில் பாதி நாள் சம்பத் தெலுங்குப் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருப்பார். தேர்தல் வந்தால்தான் அந்தக் கடைக்கு உயிர் வரும்.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனிலோ இந்த மாதிரிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஸ்டேஷனில் கொடுத்தால் விறகுக்கட்டு மாதிரி மூலையில் சாய்த்து வைப்பார்கள், வரும்போது துருவேறி வரும். சம்பத் எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பார். அதனால் சுற்றுவட்டாரத்தில் காட்டோரம் கொல்லை நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவர் கடைதான்.

ஆனால் அவரிடமிருந்து திரும்ப வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. சர்க்கார் சட்டப்படி லைசென்ஸும் ரசீதும் ஸ்டேஷன் காகிதமும் இருந்தால் போதும். சம்பத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் உண்டு. வாங்க வருகிறவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மாளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கொடுக்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். சரியென்றால் துப்பாக்கி வெளியே வரும். வேண்டாமென்று தலையை ஆட்டினால் வராது. ஏன் வேண்டாம் என்று கேட்கவே மாட்டார். காரணம் கேட்டால் பாதிப் பெண்கள் பயந்துபோய் சரியென்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. வெளியே இருக்கிறவனிடம், ஸ்டேஷன் காகிதம் இன்னும் சரியாக வரவில்லை, அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்பார். அவள் பேச்சையே எடுக்க மாட்டார்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் பாகாலா பக்கத்து ஆள் ஒருவன். ஒரு தேர்தல் முடிந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனவன் மறுநாளே அதை வைத்துப் பெண்டாட்டியைச் சுட்டுவிட்டான். வாங்கிப்போன அன்றைக்கு அவளும் கூட வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சம்பத் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவர் அதற்கப்புறம் புலம்பாத நாளில்லை.

எங்கள் ஊர் கல்லாங்குப்பத்தில் இதற்குப் பொண்டாட்டி பர்மிட் என்று பெயர். ஆம்பிளைகள் கிண்டல் பண்ணிக்கொண்டே கூட்டிப் போவார்கள். பெண்களுக்கு என்னவோ இது ரொம்பப் பிடித்திருந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறி, சம்பத் கடையில் மகாராணி மாதிரித் தலையை அசைத்துவிட்டு, அந்தச் சாக்கில் பிரியாணி தின்று, வளையல் வாங்கிக்கொண்டு வருவார்கள். வீட்டில் எதற்கும் அபிப்பிராயம் கேட்கப்படாதவளின் தலையசைப்புக்காகப் புருஷன் வாசலில் காத்துக்கொண்டிருப்பதென்றால் சும்மாவா.

கன்னையாவும் மணியம்மாவும் இரண்டு தேர்தலுக்கு அப்படிச் சிரித்துக்கொண்டே போய் வந்தவர்கள்தான்.

கன்னையாவின் அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குக் கையகல நிலம் கிடையாது. சர்க்காரில் பட்டா கொடுத்தபோது காட்டோரமாகத்தான் கொடுத்தார்கள், நல்ல நிலத்தை யார் கொடுப்பார்கள். கடலை போட்டால் காட்டுப்பன்றி கிளறும், மா வைத்தால் யானை வந்து கிளையை ஒடிக்கும். பயிர்க் காவலுக்கென்று மனுப்போட்டு நடையாய் நடந்து அப்பா வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அப்படியே மகனுக்கு மாறி வந்தது. கன்னையா அதை வைத்து ஆகாயத்தைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. பன்றிகளுக்கே அவன் குணம் தெரியும், வெடிச் சத்தம் கேட்டால் கொஞ்ச நேரம் மரியாதைக்கு ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடி வரும் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். ஏர் ஓட்டும்போது மாட்டை ஓங்கி ஒரு அதட்டு அதட்டத் தெரியாத மனுஷன். மணியம்மாதான் வாய்க்காரி. சத்தம் போடுவதெல்லாம் அவள் பங்கு, சிரித்துக்கொண்டே களியை உருட்டி விழுங்குவது அவன் பங்கு. இவர்களுக்குக் கல்யாணமாகி, மகள் கலைவாணி சித்தூரில் காலேஜுக்குப் போகிற அளவுக்கு வளர்ந்தபிறகும் அந்த வீட்டில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது தேர்தலுக்கு முந்தின வருஷங்களில்தான் துப்பாக்கிக்குப் புது மவுசு வந்தது. திருப்பதியில் தெருவுக்குத் தெரு ஏடிஎம், நகைக்கடை, பணம் ஏற்றிப் போகிற வேன். எல்லாவற்றுக்கும் கன்மேன் வேண்டும். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருக்கிறவனைச் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் ஊர் ஊராகத் தேடி வந்தார்கள். அது பயிருக்குக் கொடுத்த லைசென்ஸாயிற்றே என்று யாராவது கேட்டால், அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எங்கள் ஊரில் செல்லியம்மாவின் புருஷன்தான் முதலில் போனான். நகைக்கடை வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். செல்லியம்மா வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது, கலர் டிவி வந்தது. அவன் மட்டும் வரவில்லை. உகாதிக்கு ஒரு தரம், கங்கையம்மன் ஜாத்திரைக்கு ஒரு தரம் என்று விருந்தாளி மாதிரி வந்து போனான்.

தேர்தலுக்கு முந்தின வருஷம் மழை பொய்த்து, போட்ட கடலை விதைகூடத் திரும்பி வரவில்லை. ஏஜென்சி ஆள் கன்னையாவிடம் வந்து பேசினான். தேர்தல் முடிந்து துப்பாக்கி கைக்கு வந்ததும் திருப்பதியில் வேலை, தங்க இடம், சட்டை, பூட்ஸ் எல்லாம் உண்டு என்றான். கன்னையா சரியென்று சொல்லிவிட்டான். கலைவாணிக்கு ஒரே சந்தோஷம். ஊரெல்லாம் அதே பேச்சு.

மணியம்மாவும் சந்தோஷப்படுகிற மாதிரிதான் காட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு அவன் போவதில் இஷ்டமே இல்லை. அவளுடைய அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், சாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து போனார், கடைசியில் அதற்கும் வரவில்லை. செல்லியம்மா தனியாக உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டு சோறு தின்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் போகாதே என்று கன்னையாவிடம் எப்படிச் சொல்வது? காலேஜுக்குப் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு, நாற்பது வயதில், புருஷனைப் பிரிந்து என்னால் இருக்க முடியாது என்று வாயைத் திறந்து ஒரு பெண் சொல்ல முடியுமா? ஊர் சிரிக்கும். ஊரை விடுங்கள், அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கோபத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டல, வெறகு பொளக்கல என்று கன்னையாவிடம் எரிந்து எரிந்து விழுந்தாள். சந்தோஷமாக வழியனுப்புகிறவளைப் போல அவனுக்குத் துணி துவைத்து மடித்தும் வைத்தாள்.

ஓட்டு எண்ணி முடித்த மறுவாரம் இருவரும் சித்தூருக்குப் போனார்கள். மாங்காய் சீசன். ரோடு முழுக்க ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகிற லாரிகள், அழுகின மாம்பழ வாடை, ஈ. பெஞ்சில் பக்கத்து ஊர் சுந்தரம்மாவும் அவள் புருஷனும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வேலை சட்டென்று முடிந்தது. அடுத்து மணியம்மாவை உள்ளே கூப்பிட்டார் சம்பத்.

"ஏம்மா, சௌக்கியமா? பொண்ணு நல்லா படிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்தார். இவர்கள் விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு சடங்குக்குத்தான் கேட்டார்.

"செப்பம்மா. குடுக்கலாமா?"

மணியம்மா அந்தத் துப்பாக்கியைப் பார்த்தாள். அது இருந்தால் அவன் போவான், இல்லாவிட்டால் போக மாட்டான் என்பது மட்டும்தான் அவள் மண்டையில் ஓடியது. அவள் யோசிப்பதற்குள் தலை இடமும் வலமுமாக ஆடிவிட்டது.

சம்பத் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் துணியில் சுற்றி மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அங்கேயே அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். கேட்கக் கூடாதென்பதுதான் அவர் சட்டமாயிற்றே.

"நீ போய் வெளிய இரும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் குரலில் இருந்த பரிவு அவளுக்கு அப்போது புரியவில்லை.

கன்னையாவிடம் ஸ்டேஷன் காகிதம் வரவில்லை என்றார். அவன் காகிதம் அவர் கையிலேயே இருந்தது. அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று சித்தூர் ஜில்லாவில் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கி வாங்கிய பிறகும் கிளம்பாமல் பெஞ்சிலேயே இருந்த சுந்தரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். கன்னையா சரிங்க சார் என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

திரும்பும் வழியில் பிரியாணிக் கடையில் அவள் சாப்பிட, அவன் டீ மட்டும் குடித்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பான், அப்போது சொல்லிவிடலாம் என்று அவள் பஸ் ஸ்டாண்டிலும் காத்திருந்தாள், பஸ்ஸிலும் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. பாவி மனுஷன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

சுந்தரம்மா சும்மா இருப்பாளா? சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சம்பத் கடையில் பெண்டாட்டி வேண்டாமென்றால் புருஷன் அடிக்கிறவன், கொல்லத் துணிந்தவன் என்பதைத் தவிர வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது. செல்லியம்மா கருவாட்டுக் குழம்போடு வந்து மணியம்மாவின் தோளைத் தடவிக் கொடுத்தாள். இத்தனை நாள் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கண் கலங்கினாள். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை என்று மணியம்மா சொல்லச் சொல்ல, செல்லியம்மாவின் கண்ணீர் அதிகமானது. இத்தனை கஷ்டத்திலும் புருஷனை விட்டுக்கொடுக்கிறாளா பார் என்று வெளியே போய்ச் சொன்னாள். கலைவாணிக்குக் காலேஜ் பஸ்ஸிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வந்தவள் அப்பாவைத் தாண்டி உள்ளே போய், "நைனா உன்ன இன்னா பண்ணாரு?" என்று கேட்டாள். ஒண்ணுமில்லடி என்றாள் அம்மா. அந்த ஒண்ணுமில்லையை அந்த வயதுப் பெண் எப்படி எடுத்துக்கொள்வாள்? அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஏஜென்சிக்காரன் திருப்பதி வேலைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொண்டான். கன்னையா போகவில்லை. அவள் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் வீட்டில் இருந்த கன்னையா பழைய கன்னையாவாக இல்லை. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வெளியே நின்று செருமிவிட்டு வந்தான், அவள் திடுக்கிட்டுவிடக் கூடாதென்று. கொடுவாளைக் கூரை எறவாணத்தில் செருகி வைக்கிற வழக்கத்தை விட்டுவிட்டுக் கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தான். அவள் கையில் எதையாவது கொடுக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். அவள் வேண்டுமென்றே சத்தம் போட்டுப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடைக்குப் போவதும் நின்றது. அங்கே அவன் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம்.

மணியம்மா அப்போது ஜூஸ் ஃபேக்டரியில் மாம்பழம் நறுக்குகிற சீசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஃபேக்டரிக்குப் போகிறேனென்று கிளம்பி, நேராகச் சம்பத் கடையில் போய் நின்றாள்.

"சார், நான் தெரியாம சொல்லிட்டேன். குடுத்துடுங்க."

சம்பத் பேப்பரை மடித்து வைத்தார். "யார் அனுப்பிச்சாங்க உன்ன?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"நானாத்தான் வந்தேன்னுதாம்மா எல்லாரும் சொல்றாங்க."

"எங்கூட்டுக்காரு என்ன ஒரு அடி அடிச்சதில்ல சார். ஒரு கெட்ட வார்த்த சொன்னதில்ல. தங்கமான மனுசன்."

"சரிம்மா."

"நம்ப மாட்டன்றீங்களே சார். நெசமாத்தான் சொல்றேன்."

சம்பத் கம்பிக்குள் நீட்டியிருந்த அவள் கைகளைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு. காம்பில் இருந்து பீச்சுகிற மாம்பால் பட்டு வெந்தது. சீசன் வேலைக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்.

"இது இன்னாம்மா?"

"மாங்கா பால் சார். ஃபேக்டரிக்குப் போய்க்கினு கீறன்ல."

"ம். இந்த ஊர்ல பீடி சுட்டாலும் மாங்கா பாலு, காஞ்ச கரண்டி சுட்டாலும் மாங்கா பாலு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப வருத்தமாகச் சொன்னார். "இதோ பாரும்மா. வேணாம்னு சொன்னவங்கள்ல முக்காவாசிப் பேரு திரும்பி வந்து, தங்கமான மனுசன்னுதான் சொல்லிக்கீறாங்க. அத்த நம்பி நான் ஒருத்தனுக்கும் குடுத்ததில்ல. ஒருவாட்டி வேணாம்னா வேணாந்தான். உனக்குக் கோவம் வந்தாலும் பரவால்ல, நீ உயிரோட இருந்தா போதும் எனக்கு."

மணியம்மா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகிறவளைப் பார்த்து அவருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. ஏதாவது ஆபத்தென்றால் போன் பண்ணச் சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அவள் ஃபேக்டரிக்குப் போகாமல் ஊருக்குத் திரும்பினாள். நல்ல வெயில். கன்னையா கொல்லையில் யானை ஒடித்துப் போட்ட கிளைகளை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அவளைத் தூரத்தில் பார்த்ததும் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு நாலடி தள்ளி வந்து நின்றான். அதைப் பார்த்தவுடன் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"இன்னாத்துக்குய்யா கொடுவாளப் போடற? என்ன வெட்டிடுவன்னு நெனச்சுக்கினியா?"

"நீ பயந்துக்குவியேன்னுதான்."

"நான் எதுக்குப் பயப்படணும் ஒன்னப் பாத்து?"

கன்னையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நானும் அத்தத்தான்மே யோசன பண்ணிக்கினு கீறன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து யோசிச்சுப் பாத்துட்டேன். எப்ப உன்னப் பயமுறுத்தினேன்னு தெரியல. குடிச்சிட்டு எதுனா பண்ணிக்கீறனா? தூக்கத்துல எதுனா உளறினேனா? நீ சொன்னின்னா மாத்திக்கிறேன்."

மணியம்மா அந்தக் கிளைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சொல்லக் கூச்சப்பட்டதையெல்லாம் சொன்னாள். நீ திருப்பதிக்குப் போய்விடக் கூடாதென்றுதான் தலையை ஆட்டினேன், துப்பாக்கி இல்லாவிட்டால் போக மாட்டாய் என்று நினைத்தேன், நீ இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்றாள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

கன்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீதான செல்லியம்மா வூட்ல கேஸ் வந்துச்சு, டிவி வந்துச்சுன்னு தெனம் சொல்லிக்கினு இருந்த. உனக்கும் ஆசயா இருக்குதுன்னுதான் நான் சரின்னேன். எனக்கு மட்டும் அங்க போய் நிக்கணும்னு இன்னா வேண்டுதலா?"

"அது வாயி சும்மா சொல்றது. அத்தப் போயி..."

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேனே மணி."

மணி என்று அவன் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. கொல்லைக்கு அந்தப் பக்கம் ரோட்டில் யாரோ சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகிற பெண்டாட்டி, பக்கத்தில் கீழே கிடக்கிற கொடுவாள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

இரண்டு பேரும் போய்ச் சம்பத்திடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்றாள் மணியம்மா. துப்பாக்கி வராவிட்டால் போகட்டும், இவன் மேல் விழுந்த பழி போக வேண்டும். சம்பத் வாயால் இவன் நல்லவன் என்று சொன்னால் ஊர் கேட்கும். கன்னையாவுக்கு இஷ்டமில்லை. அவள் விடவில்லை.

அவர்கள் போனபோது பெஞ்சில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. வடக்கே எங்கிருந்தோ வந்தவர்கள், தெலுங்குக்காரர்கள். அவன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவள் தலையில் போட்ட முக்காட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தாள். காற்றில் அது விலகினபோது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது தெரிந்தது. கன்னையா அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சம்பத் இவர்கள் இருவரையும் சேர்த்து உள்ளே விடச் சம்மதிக்கவில்லை. மணியம்மா வற்புறுத்தினபிறகு, பக்கத்து டயர் கடைப் பையன்களைக் கூப்பிடுகிற தூரத்தில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் விட்டார். மணியம்மா நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை அழவில்லை. கொல்லையில் சொன்ன அதே வார்த்தைகளை, வெட்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வேற்று ஆம்பிளை முன்னால் சொன்னாள். அதைக் கேட்டால் யாரும் நம்பத்தான் வேண்டும். சம்பத்தின் முகம் மாறியது. அவர் நம்ப ஆரம்பித்துவிட்டார்.

"அப்ப பயந்துக்கினு சொல்லலியா நீ?"

"இல்ல சார்."

"வேலைக்குப் போவக் கூடாதுன்னு சொன்ன."

"ஆமா சார். புத்தி கெட்டுப்போயி சொல்லிட்டேன்."

சம்பத் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். திடீரென்று வயதானவர் மாதிரித் தெரிந்தார். "இன்ஸ்பெக்டர் தலையில அடிச்சுக்கினாரும்மா, சட்டத்துல இல்லாதத நீ எப்பிடிக் கேக்கலாம்னு. லைசென்ஸ்காரங்க எல்லாம் சேர்ந்து எம்மேல பெட்டிஷன் போட்டுக்கீறாங்க, பொம்பளைங்க பொய் சொல்றாங்கன்னு. ஒருத்தி பொய் சொன்னான்னு காட்டு, நான் நிறுத்திடறேன்னு சவால் விட்டுக்கினு இருந்தேன். இப்ப நீ வந்து நிக்கற." அவர் வாசல் பெஞ்சில் இருந்த முக்காட்டுக்காரி பக்கம் கையைக் காட்டினார். "இனிமே அவ வந்து தலைய ஆட்டினா நான் எப்பிடி நம்பறது? இவளுக்கு இன்னா கணக்கோன்னுதான தோணும்? போதும்மா. இன்னியோட இந்தக் கேள்விய விட்டுடறேன். காயிதம் இருந்தா எடுத்துக்கினு போவட்டும் எல்லாரும்."

பீரோச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மணியம்மாவுக்கு மூச்சு வந்தது. பழி போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

"சார்" என்றான் கன்னையா.

அதுவரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவர் காலைப் பார்த்துப் பேசினான்.

"அவ பொய் சொல்றா சார். நான்தான் இப்பிடிச் சொல்லச் சொல்லி இஸ்துக்கினு வந்தேன். அவ மொத நாளு ஆட்டினாளே தலைய, அதான் நெசம். நான் அடிக்கிறவன்தான்."

மணியம்மா ஐயோ என்று அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அவள் கையை எடுத்துவிட்டான். எடுத்துவிட்ட விதத்தில் இருந்த மென்மையைச் சம்பத் கவனிக்கவில்லை.

"துப்பாக்கி உங்க கிட்டயே இருக்கட்டும் சார். நீங்க கேக்கறத மட்டும் நிறுத்திடாதீங்க."

சம்பத் சாவியை மேசையில் வைத்தார். கன்னையாவை அவர் பார்த்த பார்வையை மணியம்மா சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். நல்ல மனுஷர் ஒருவர், இன்னொரு நல்ல மனுஷனைப் புழுவைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வெளியே போ என்றார். பிறகு கதவருகே வந்து, பெஞ்சில் இருந்தவனை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு, முக்காடு போட்டவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

தெருவில் மணியம்மாவால் நடக்க முடியவில்லை. ஏன்யா அப்படிச் சொன்னாய் என்று டயர் கடை வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அந்தப் பொம்பள உக்காந்துக்கினு இருந்தாளே, நீ பாக்கலியா?" என்றான். "நமக்கு இன்னா, நமக்குள்ள தெரியும்."

அவர்களுக்குள் தெரிந்தது வாஸ்தவம்தான். ஆனால் டயர் கடைப் பையன்களும் கேட்டிருந்தார்கள். கன்னையா தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான் என்ற சேதி இவர்கள் இருவருக்கும் முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் கல்லாங்குப்பத்தில் அவனால் இருக்க முடியவில்லை. தொலைவில் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்கு அப்போதுதான் நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். தடி வைத்துக்கொண்டு காவல் காக்க ஆள் எடுத்தார்கள். கன்மேன் சம்பளத்தில் பாதிகூட இல்லை. போகாதே என்று இந்த முறை அவள் வாய்விட்டுச் சொன்னாள், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவனுக்கும் போக மனசில்லை. ஆனால் போய்விட்டான். மாசத்துக்கு ஒரு முறை, யார் கண்ணிலும் படாமல் வந்து, கொல்லையைப் பார்த்துவிட்டு, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

கலைவாணி படித்து முடித்து, அதே ஸ்ரீ சிட்டியில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா எந்த கேட்டில் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். கம்பெனி பஸ் அந்தப் பக்கம் திரும்பினால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாளாம்.

ஊரில் யாரிடமும் மணியம்மா மறுத்துச் சொல்வதை விட்டுவிட்டாள். மகளிடம் மட்டும் ஒரு தரம், லீவுக்கு வந்திருந்தபோது, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கலைவாணி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, மாம்பால் தழும்பு மாறாத அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சம்பாரிக்கிறேம்மா. இனிமே நீ யாருக்கும் பயப்பட வாணாம்" என்றாள்.